யார் யாரிடம் பேசுகிறார்?

நீர்மூழ்கிக் கப்பலின் கட்டளை அறையில் குழு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய ஆய்வாளர்கள் கையாளும் ஒரு முறை மிக எளியது. பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. ஒருவர் மற்றவரிடம் பேசினால் இடையே ஒரு கோடு. அடிக்கடி பேசினால் தடித்த கோடு. இதுவே சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு. பிரிட்டனில் நெவில் ஸ்டான்டன் குழுவினர் இம்முறையைப் பயன்படுத்தியுள்ளனர். பதவிப் பட்டியல் காட்டாத ஒன்றை இப்படம் காட்டிவிடும்: செய்திகள் எவர் வழியாகச் செல்கின்றன, அவர் இல்லாவிடில் யார் யாருக்குத் தொடர்பு அறும் என்பதை.

1951இல் ஹரால்ட் லீவிட் ஐவர் கொண்ட குழுக்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். நடுவில் ஒருவர், மற்ற நால்வரும் அவரோடு மட்டுமே தொடர்பு என்னும் சக்கர அமைப்பு, எளிய கணக்கைக் குறைந்த தவறுகளுடன் முடித்தது. ஆனால் விளிம்பில் இருந்தோர்க்கு வேலையில் நிறைவில்லை. சிக்கலான கணக்குகளைக் கொடுத்துப் பார்த்த பிற்காலச் சோதனைகளில் சக்கரம் பின்தங்கியது. நடுவில் இருந்தவரால் சுமை தாங்க இயலவில்லை.

நம் மும்பை இதை 2020இல் கண்கூடாகக் கண்டது. கொரோனாவின் தொடக்க நாள்களில் நகர் முழுவதன் அழைப்புகளும் மாநகராட்சியின் 1916 என்ற ஒரே எண்ணில் குவிந்தன. பரிசோதனை முடிவோ ஆய்வகத்திலிருந்து நேரே நோயாளிக்குச் சென்றது; அவர் பதறிப்போய்ப் படுக்கை தேடி அலைந்தார். பின்னர் 24 வார்டுகளிலும் தனித்தனி 'வார் ரூம்'கள் அமைந்தன. முடிவுகள் முதலில் மாநகராட்சிக்கு வந்து, வார்டுவாரியாகப் பிரிந்து சென்றன. செம்பூர்வாசியை எம்-மேற்கு வார்டும், தாராவிவாசியை ஜி-வடக்கு வார்டும் அழைத்துப் பேசின. ஒரே சக்கரம் 24 சிறு சக்கரங்களாயிற்று எனலாம். எல்லா வார்டும் எல்லா வார்டோடும் பேசுவதென்றால் 276 கோடுகள் வேண்டும். அது வெறும் இரைச்சல்.

தாராவியின் படம் இன்னும் நுட்பமானது. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானது. வீடு வீடாகப் பரிசோதிக்க, அப்பகுதியின் தனியார் மருத்துவர்கள் மாநகராட்சியோடு கைகோத்தனர். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மக்கள் ஆண்டுக்கணக்கில் நாடி வந்தவர்கள் அவர்கள். கதவு திறந்தது அந்தப் பழைய கோட்டினால்தான் என்பது என் கருத்து. நெருக்கடி வந்தபின் புதுக் கோடு போடுவது எளிதன்று.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. இருவர் பேசினர் என்பதைக் கோடு சொல்லும். கேட்டவர்க்குப் புரிந்ததா என்பதைச் சொல்லாது. அதனால்தான் ஸ்டான்டன் குழுவினர் பணிக்கும் தகவலுக்கும் தனித்தனி வலைகள் வரைந்தனர்.

வாசகர் தம் குடும்பத்துக்கும் ஒரு படம் வரைந்து பார்க்கலாம். வைப்புத்தொகை, லாக்கர், காப்பீடு ஆகிய மூன்றின் கோடுகளும் பெரும்பாலான வீடுகளில் ஒருவரிடமே முடியும். அவர் மறைந்தபின், எந்தக் கிளையில் எந்தக் கணக்கு என்று தெரியாமல் துணைவியார் கவுன்ட்டர் முன் நிற்பதை அடிக்கடி காண்கிறோம். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்பு, ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படும். உரியவர் பின்னரும் கேட்டுப் பெறலாம் என்றாலும், முதலில் கணக்கு இருப்பது அவருக்குத் தெரிய வேண்டுமே! நியமனதாரர் பெயரைப் பதிவுசெய்வதோடு, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.