கோப்புகளுக்கு நடுவே ஒரு மாணவர்

அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நடந்து செல்பவர், நூலகத்தில் நூல்களை அடுக்குபவரையும் உணவுக்கூடத்தில் பரிமாறுபவரையும் விளையாட்டரங்கின் வாயிலில் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுபவரையும் காண்பார். அவர்களுள் பலர் அங்கேயே பயிலும் மாணவர்கள். வெளியார் கண்ணில் எளிதில் படாத ஓரிடத்திலும் இளநிலைப் பட்ட மாணவர்கள் பணிபுரிகின்றனர். அதுவே ஆய்வு நிருவாக அலுவலகம். அங்கே சோதனைக் குழாய்களும் இல்லை, நுண்ணோக்கிகளும் இல்லை. கோப்புகளும் கணினிகளும் ஓயாது ஒலிக்கும் தொலைபேசியுமே உள்ளன. ஆயினும், அரசின் நல்கையைப் பெறும் ஆய்வும் மனிதரை உட்படுத்திச் செய்யும் ஆய்வும் அந்த அலுவலகத்தைக் கடந்தே ஆய்வகத்தை அடைய வேண்டும்.

படிப்போடு பணி

வளாகத்திலேயே உழைத்துப் படிக்கும் வழக்கம் அந்நாட்டில் பழையது. அதற்கு அரசின் துணை கிடைத்தது 1964ஆம் ஆண்டில். குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராகக் கொண்டுவந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாகப் பணியுடன் படிப்புத் திட்டம் தோன்றியது. பொருள்வசதி குறைந்த மாணவருக்குப் பல்கலைக்கழகம் பணி தரும். ஊதியத்தில் பொதுவாக நான்கில் மூன்று பங்கு வரை கூட்டாட்சி அரசு ஏற்கும். எஞ்சியதைப் பல்கலைக்கழகம் தரும்.

இதனைப் பெருங்கொடையாகக் கருதிவிடக் கூடாது. கூட்டாட்சி அரசு வரையறுத்த குறைந்த அளவு ஊதியம் 2009ஆம் ஆண்டு முதல் மணிக்கு 7.25 டாலர் ஆகும். அக்கணக்கில் வாரத்திற்கு 10 மணி நேரம் உழைப்பவர் பெறுவது 72.50 டாலர். பாடநூல் வாங்கவும் பேருந்துக்குக் கொடுக்கவும் அது உதவும். கல்விக் கட்டணத்தை ஈடுசெய்யப் போதாது. ஓராண்டுக்கென ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டால் இத்திட்டத்தின்கீழ்ப் பெறும் ஊதியமும் நின்றுவிடும்.

மேசையின்மேல் வரும் தாள்கள்

பேராசிரியர் ஒருவர் ஆய்வுக்கு நல்கை வேண்டினால், விண்ணப்பம் அவர் பெயரில் மட்டும் செல்வதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே செல்கிறது. எனவே அனுப்பும் பொறுப்பும் ஆய்வு அலுவலகத்தையே சார்ந்தது. 1950இல் நிறுவப்பட்ட தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஆய்வுத் திட்டத்தின் விளக்கம் 15 பக்கங்களுக்கு மேற்படலாகாது என்பது போன்ற விதிகளை வகுத்துள்ளது. பக்கங்களை எண்ணுதல், செலவுத் திட்டத்தின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தல், இணைப்புகள் யாவும் உள்ளனவா எனப் பார்த்தல் போன்றவற்றில் மாணவப் பணியாளர் உதவுகிறார். இறுதி நாளின் மாலை 5 மணி நெருங்க நெருங்க அலுவலகத்தில் பேச்சொலி குறைந்து விசைப்பலகையின் ஒலி மிகும்.

இவையெல்லாம் கவனமிருந்தால் கற்றுக்கொள்ளக்கூடியவை. கவனத்தோடு துணிவும் வேண்டப்படுவது ஒப்புதல் படிவங்களைச் சரிபார்க்கும் பணியில்தான்.

ஒரு நாள், ஒரு கையொப்பம்

புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதில் பங்குபெறும் ஒவ்வொருவரும், ஆய்வின் நோக்கம் யாது, அதனால் நேரக்கூடிய தீங்கு யாது என்பனவற்றை அறிந்து, தம் விருப்பத்தின்பேரில் கையொப்பமிட வேண்டும். நாளையும் குறிக்க வேண்டும். மறுப்பதற்கும் இடையில் விலகுவதற்கும் அவருக்கு உரிமை உண்டு என்பதைப் படிவமே தெரிவிக்க வேண்டும். அத்தகைய நாற்பது படிவங்கள் மாணவி ஒருவரின் மேசைக்கு வருகின்றன எனக் கொள்வோம். முப்பத்தொன்பது சரியாக உள்ளன. ஒன்றில் கையொப்பம் இருக்கிறது, நாள் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள படிவங்களில் 12ஆம் நாள் எனக் குறிக்கப்பட்டுள்ளது. விடுபட்ட இடத்தில் 12 என எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆய்வை நடத்துபவரோ அம்மாணவிக்கு அந்தப் பருவத்தில் பாடம் நடத்தும் பேராசிரியர். அவரிடம் குறை சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்ப எந்த மாணவிக்கும் தயக்கம் எழும்.

ஆயினும் அந்த எண்ணை அவர் எழுதலாகாது. நோயாளிக்கு முதல் மருந்து கொடுக்கப்பட்டது 12ஆம் நாள் என்றால், அவர் ஒப்பியது அதற்கு முன்னரா பின்னரா என்பதற்கு அந்தப் படிவமே சான்று. மருந்தைக் கொடுத்த பின் பெற்ற கையொப்பம் ஒப்புதல் ஆகாது. குறையைக் குறித்து அலுவலரிடம் ஒப்படைப்பதே மாணவியின் கடமை. அது வெறும் மறதியா, அதனினும் பெரிய பிழையா என முடிவு செய்வது அவர் வேலையன்று.

விதிகளின் வேர்

ஒரு நாள் குறிப்பிற்கு இத்துணைக் கண்டிப்பு எதற்கு? விடை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ நகரில் இருக்கிறது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை 1932ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கியது. 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் இருந்தது. நோயின் உண்மைப் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் கூறப்பட்டது. இலவச உணவும் ஈமச்செலவுக்கான உறுதியும் அளிக்கப்பட்டன. 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் அந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. நோய் முற்றுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வதே ஆய்வாக இருந்தது. இப்படி நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

அதனை வெளிக்கொணர்ந்தவர் புகழ்பெற்ற அறிவியலாளர் அல்லர். பீட்டர் பக்ஸ்டன் என்பவர் அதே துறையில் நோயாளிகளை நேர்காணும் இளம் பணியாளர். ஆய்வின் ஆவணங்களைப் படித்த அவர் 1966இலும் 1968இலும் தம் மேலதிகாரிகளுக்கு எதிர்ப்பைத் தெரிவித்து எழுதினார். பயன் விளையவில்லை. 1972இல் செய்தி இதழாளர் வழியாக உண்மை நாடெங்கும் பரவியது, ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974இல் தேசிய ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. மனிதரை உட்படுத்தும் ஆய்வை ஒரு குழு முன்கூட்டியே ஆராய்ந்து இசைவு தர வேண்டும் என்னும் நடைமுறை அதன் வழியே உறுதிபெற்றது. அக்குழுவில் குறைந்தது ஐவர் இருப்பர். அவர்களுள் ஒருவரேனும் அறிவியல் சாராதவராகவும், ஒருவரேனும் அந்நிறுவனத்தோடு தொடர்பில்லாதவராகவும் இருத்தல் வேண்டும். வல்லுநர்கள் தமக்குள் மட்டும் பேசி முடிவெடுத்ததன் விளைவை டஸ்கிகீ காட்டிவிட்டதல்லவா?

தெரிந்து தெளிவோம்

மாணவர் அலுவலகத்தில் மட்டுமன்றி ஆய்விலேயே நேரடியாகப் பங்குபெறவும் வழியுண்டு. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மார்கரெட் மெக்விகார் 1969ஆம் ஆண்டில் இளநிலை மாணவர் ஆய்வு வாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கினார். முதலாண்டு மாணவரும் பேராசிரியரோடு இணைந்து ஆய்வு செய்யலாம். அதற்கு ஊதியமோ பாட மதிப்பெண்ணோ பெறலாம்.

வகுப்பறை காட்டாதவை

வகுப்பறையில் மாணவர் காண்பது வெற்றி பெற்ற ஆய்வுகளையே. பாடநூலும் அவற்றையே பேசும். ஆய்வு அலுவலகத்திற்கோ மறுக்கப்பட்ட விண்ணப்பங்களும் வந்துசேர்கின்றன. தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குச் செல்லும் விண்ணப்பங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றே நல்கை பெறுகிறது. பெயர்பெற்ற பேராசிரியரின் விண்ணப்பமும் திரும்பி வரும். மதிப்பீட்டாளரின் கடுமையான குறிப்புகளைப் படித்துத் திருத்தி அவர் மீண்டும் அனுப்புவார். இருபது வயதில் இதனை அருகிலிருந்து காண்பது அரிய வாய்ப்பு.

கண்டதை வெளியே பேசலாகாது என்பது அதனோடு வரும் சுமை. எவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது, எந்த ஆய்வில் யார் பங்குபெறுகிறார் என்பன நண்பர்களிடமும் சொல்லத்தகாதவை. விடுதி அறையில் உடனுறைபவரின் பெயரே படிவம் ஒன்றில் காணப்பட்டாலும், அதனைக் காணாதவர் போலவே மாலையில் அவரோடு உணவுண்ண வேண்டும். அலுவலக வேலைகளுள் இதுவே கடினமானது எனலாம்.

இறுதிப் பருவம் முடிந்ததும் மாணவர் சாவியை ஒப்படைக்கிறார். கணினிக்குள் நுழைய அவருக்கிருந்த அனுமதி நீக்கப்படுகிறது. அடுத்த பருவத்தில் அதே நாற்காலியில் வேறொருவர் அமர்கிறார். ஆய்வின் மீதான ஆவணங்களை அது முடிந்த பின்னரும் குறைந்தது மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்பது விதி. நாள் குறிக்கப்படாத அந்தப் படிவமும், அதன்மேல் மாணவி எழுதி ஒட்டிய சிறு குறிப்பும், அவர் பட்டம் பெற்று வேறு ஊருக்குச் சென்ற பின்னரும் அலமாரியில் இருக்கும்.