ஒரு கையில் மாத்திரை, மறு கையில் கைப்பேசி

திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் வரும்; ஆனால் கண் வாணலியை விட்டு விலகாது. பாலும் சர்க்கரையும் சுண்டி இறுகும் கடைசி நேரத்தில் பதிலும் வராது. கை ஓய்ந்தால் அடிபிடிக்கும். அந்த வாடை வாணலி முழுவதும் ஏறிவிடும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பின் பின்னே இந்தக் கவனமும் இருக்கிறது. (சர்க்கரை நோய் உள்ளவர்கள் இப்பத்தியைப் படித்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம்.)

நம் வீடுகளில் நிலைமை வேறு. அடுப்பில் பால், காதில் கைப்பேசி, மறுமுனையில் இராசபாளையத்து அக்காள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகே பேச்சு முடிகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறோம். காய்கறிப் பையோடு வீட்டுச் சாவியையும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பிள்ளைகளை விசாரிக்கிறோம். கைப்பேசியில் பேசிக்கொண்டே, "என் கைப்பேசியைக் காணவில்லை" என்று எதிர்முனையில் இருப்பவரிடமே முறையிட்டவர்களும் உண்டு.

மூளை ஒரே நேரத்தில் இரண்டு செயல்களைச் செய்வதாக நாம் நினைக்கிறோம். கவனம் தேவைப்படும் செயல்களில் அது பெரும்பாலும் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுகிறது; ஒவ்வொரு தாவலிலும் சிறிது நேரம் இழக்கிறது, சில வேளை விட்ட இடத்தையும் மறக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்டு 1927ஆம் ஆண்டிலேயே இதை அளந்து எழுதினார். கூட்டலை மட்டும் அல்லது கழித்தலை மட்டும் செய்தபோது ஆன நேரத்தைவிட, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தபோது கூடுதல் நேரம் ஆயிற்று.

நூறு செயல்களை ஒருங்கே கவனித்தவர்கள் நம்மிடையே இருந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டினார். அவதான அரங்கில் ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். வேறொருவர் முதுகின்மேல் எறியும் கற்களின் எண்ணிக்கையையும் பிழையின்றிச் சொல்ல வேண்டும். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். ஆண்டுக்கணக்கான பயிற்சியால் வந்த ஆற்றல் அது. அப்படிப்பட்டவருக்கும் வாய் ஒன்றே; விடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரமுடியும். மேலும், மேடையில் இருக்கும் அவதானிக்கு அடுப்பில் பால் காய்வதில்லை.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். விசைத்தறிக் கூடத்தில் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். ஆயினும் நூல் அறுந்தால் அந்த ஒரு தறியின் முன்தான் நிற்பார். முடிச்சுப் போடும்வரை மற்றவை தாமாக ஓடும். நோயாளியைப் பேணும் இல்லங்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும்.

ஏனெனில், பால் பொங்கினால் துடைத்துவிடலாம். மாமனாருக்கு இரவு மாத்திரையை எடுக்கும்போது அழைப்பு மணி ஒலிக்கிறது, பேசி முடித்துத் திரும்பினால், "கொடுத்தோமா, இல்லையா?" என்ற ஐயம் எழுகிறது. அவரைக் கேட்டால், "கொடுத்தாய் போலத்தான் இருக்கிறது அம்மா" என்கிறார். இந்நிலையில் ஊகத்தின்பேரில் இன்னொரு மாத்திரை தரக்கூடாது. அட்டையில் மீதமுள்ளவற்றை எண்ணுங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். இன்சுலினை இருமுறை செலுத்திவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். சில சர்க்கரை மாத்திரைகளாலும் இவ்வாறு நேரலாம். மருந்து எடுக்கும் ஐந்து நிமிடம் கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். கொடுத்த உடனே நாட்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். கொடுப்பதற்கு முன் போடாதீர்கள், அதுவும் நடக்கிறது. இடையில் யாரேனும் குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல், மருந்துச் சீட்டின் முதல் வரியிலிருந்து மீண்டும் பாருங்கள்.

பேசிக்கொண்டே நடப்பதும் முதியவர்களுக்கு இரட்டை வேலையாகிவிடலாம். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 58 முதியோருடன் நடந்தபடியே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நடைக்கே முழுக் கவனமும் தேவைப்பட்டதால் பேச்சுக்கு மிச்சமில்லை.

ஆகவே படிக்கட்டில் ஏறும்போது, "அப்பா, மருந்துச் சீட்டை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், நாற்காலியில் அமர்ந்தபின் கேட்கலாம். அவர் பேச நின்றால், கையைப் பிடித்து இழுக்காமல் உடன் நில்லுங்கள். அடிக்கடி இவ்வாறு நிற்கிறார் என்றால், அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நடை, பார்வை, எழுந்து நிற்கும்போதுள்ள இரத்த அழுத்தம், தலைசுற்றல் தரக்கூடிய மருந்துகள் ஆகியவற்றை அவர் பார்ப்பார்.