மனை வாங்கும் முன் வாய்க்காலைத் தேடுங்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூரில் வீடுகளின் தரைத்தளம் முழுகியது. சென்னைப் புறநகரில் மனை தேடுபவர்கள் முதலில் அக்கம்பக்கத்து மதில்களை உற்றுப் பார்க்கட்டும். வெள்ளையடித்த பிறகும் வெள்ளம் விட்ட ஈரக்கறை எட்டிப் பார்க்கும்.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் போதாது. மனையின் புல எண் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருக்கிறதா என்பதை கிராம நிலப் பதிவேடான அ-பதிவேடு சொல்லிவிடும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். புலப்படத்தில் வாய்க்கால் மனையை ஒட்டி ஓடினால், நேரில் போய் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணடித்து மூடியிருந்தால் அந்த மனை வேண்டவே வேண்டாம். தாழ்வான இடத்து மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். எவ்வளவு உயரம் மண் நிரப்ப வேண்டும் என்பது அதில் இருக்கும். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மனை வாங்கி வீடு கட்டும்போது மழைநீர் சேகரிப்பை மறக்க வேண்டாம்; தமிழகத்தில் அது 2003 முதல் கட்டாயம்.

வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் தெரு மழைநீர் வடிகாலில் செருகினால் மாநகராட்சி இணைப்பைத் துண்டித்து அபராதமும் விதிக்கும். கார் ஏற சரிவு கட்டுகிறோம் என்று வடிகால் வாயைச் சிமென்ட் பூசி அடைப்பதும் அதே அளவு கேடு, தெருவே குளமாகிவிடும்.

அடைப்பைக் கண்டால் சென்னையில் 1913-க்கு அழைக்கலாம். ஐப்பசி பிறக்கும் முன்பே அழைத்துவிடுங்கள்.