நட்டநடுவில் நிறுத்தாதீர்கள்!

செல்போன் கேமரா செட்டிங்ஸில் ‘கிரிட்’ என்று ஒன்று இருக்கும். ஆன் செய்தால் திரை ஒன்பது கட்டங்களாகத் தெரியும். எடுக்கும் ஆளை நடுவில் வைக்காமல், கோடுகள் வெட்டும் நான்கு புள்ளிகளில் ஒன்றில் வையுங்கள். அவர் பார்க்கும் பக்கம் இடம் கூடுதலாக இருக்கட்டும். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் 1797-லேயே இயற்கைக்காட்சி ஓவியங்களுக்காக எழுதிய ‘மூன்றில் ஒரு பங்கு’ விதிதான் இது. கடலும் வானமும் சேர்ந்து வந்தால் எது அழகோ அதற்கு இரண்டு பங்கு. வெளிறிய வானத்துக்கு ஒரு பங்கே அதிகம்!

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசைக்கு முன் நிற்கிறீர்களா? விதியை விட்டுவிடுங்கள். இருபுறமும் ஒத்திருக்கும் காட்சிக்கு நடுதான் அழகு. தூண்கள் சாயாமல் இருக்க போனை நிமிர்த்திப் பிடித்தால் போதும்.

குழந்தைகளை மேலிருந்து எடுத்தால் தலைதான் பெரிதாகத் தெரியும். முட்டி போட்டு, அவர்கள் கண் மட்டத்துக்கு இறங்குங்கள்.

கிளிக் செய்யுமுன் பின்னணியைப் பாருங்கள். தலையில் மின்கம்பம் முளைத்திருந்தால் ஓரடி நகர்ந்தாலே சரியாகிவிடும். கிட்டத்தில் வேண்டுமென்றால் ஜூம் செய்யாமல் நடந்து போங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் படம் மங்கிவிடும்.