முதல் ஆட்டம் தோற்றால் டிவியை அணைக்காதீர்கள்

டொரண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகருக்கு பிளேஆஃப் தொடங்கும் ஏப்ரல் மாதம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2001இல் பிலடெல்பியாவுடன் நடந்த ஏழாவது ஆட்டத்தில் வின்ஸ் கார்ட்டர் கடைசி நொடியில் எறிந்த பந்து உள்ளே போகவில்லை. ஒரே புள்ளியில் தோல்வி. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட் வழிமறித்தது. அதில் கடைசி இரண்டும் 4-0. 2018இல் ராப்டர்ஸ் சீசனில் 59 வெற்றிகளோடு கிழக்கில் முதலிடத்தில் இருந்த அணி என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் கோடையில் ரசிகர்களின் செல்லப்பிள்ளை டிமார் டிரோசனைக் கொடுத்துவிட்டு கவாய் லெனர்டை வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம். வந்தவரோ சீசனின் 82 ஆட்டங்களில் 60இல் மட்டுமே ஆடினார். காயத்திலிருந்து மீண்ட உடம்புக்கு ஓய்வு என்றது நிர்வாகம். டிக்கெட் வாங்கிப் போன அன்று அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மே மாதம் வந்த பிறகுதான் அந்த ஓய்வின் அருமை தெரிந்தது. சீசனில் நட்சத்திர வீரர் உட்கார்ந்தால் திட்டாதீர்கள்; பிளேஆஃப் கணக்கு வேறு.

2019 பிளேஆஃப்பின் முதல் ஆட்டமே ஆர்லாண்டோவிடம் 101-104 என்று போனது. கைல் லோரி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஸ்கார்பரோவில் தமிழர் வீட்டு வரவேற்பறைகளிலும் அன்றிரவு இரங்கல் கூட்டம்தான். இதை எழுதுகிறவரும் அதில் ஒரு உறுப்பினர். இரண்டாவது ஆட்டத்தில் அதே அணி 111-82 என்று வென்றது. தொடர் 4-1இல் முடிந்தது. ஏழு ஆட்டத் தொடரில் மூன்று முறை தோற்க இடமிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தோற்ற இரவில் யாருக்கும் நினைவு வராது.

அடுத்தது மறுபடியும் பிலடெல்பியா, மறுபடியும் ஏழாவது ஆட்டம். 2019 மே 12. 90-90 என்று நிற்கையில் நேரம் 4.2 நொடிதான். ஜோயல் எம்பீட் துரத்த, லெனர்ட் வலது மூலை வரை ஓடி, கோட்டுக்கு வெளியே விழப்போகிற நிலையில் எறிந்தார். பந்து வளையத்தில் நான்கு முறை குதித்தது. அதற்குள் ஆட்ட நேரம் முடிந்து விளக்கு எரிந்துவிட்டது. பிறகுதான் பந்து உள்ளே விழுந்தது. என்பிஏ வரலாற்றில் ஏழாவது ஆட்டம் ஒன்று கடைசி நொடிக் கூடையால் முடிவானது அதுவே முதல் முறை. லெனர்ட் அன்று 41 புள்ளிகள் எடுத்தார். அதற்கு 39 முறை எறிந்தார். 'அதிர்ஷ்டம்' என்று பிலடெல்பியாக்காரர் சொன்னால் மறுக்க வேண்டாம். 2001இல் வராத அதிர்ஷ்டம் 2019இல் வந்தது, அவ்வளவுதான்.

மில்வாக்கி தொடரில்தான் ரசிகர் ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். முதல் இரண்டும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்திலிருந்து பயிற்சியாளர் நிக் நர்ஸ், யானிஸ் அன்டெடோகும்போவைத் தடுக்கும் முதல் பொறுப்பை லெனர்டிடம் கொடுத்தார். இரண்டு கூடுதல் நேரம் போன அந்த ஆட்டத்தை ராப்டர்ஸ் பிடித்தது. அடுத்த மூன்றையும் வென்றது. ஸ்கோரை மட்டும் பார்ப்பவருக்கு இது மாயமாகத் தெரியும். யார் யாரைக் காக்கிறார்கள் என்று பார்த்தவருக்கு மூன்றாவது ஆட்டத்திலேயே கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். பந்து வைத்திருப்பவரை விட்டு மற்ற ஒன்பது பேரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள்.

பெஞ்சிலிருந்து வருகிறவர்களையும் சீக்கிரம் கைகழுவிவிடக் கூடாது. பிலடெல்பியா தொடரில் பிரெட் வான்வ்லீட் கைக்கு எதுவுமே ஓடவில்லை. 'அவரை இறக்காதே' என்று கத்தாத ரசிகர் குறைவு. மில்வாக்கி தொடரின் நடுவில் அவருக்கு மகன் பிறந்தான். அதன்பின் கடைசி மூன்று ஆட்டங்களில் 17 மூன்று புள்ளி முயற்சிகளில் 14 உள்ளே போயின. பிள்ளை வந்த நேரம் என்றார்கள் ஸ்கார்பரோ பாட்டிகள். புள்ளிவிவரக்காரர்களிடம் இதைவிட நல்ல விளக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 3-1 முன்னிலை. ஐந்தாவது ஆட்டம் சொந்த ஊரில். மூன்று நிமிடம் சொச்சம் இருக்கையில் ஆறு புள்ளி முன்னிலை. அரங்குக்கு வெளியே 'ஜுராசிக் பார்க்' என்று பெயர் வாங்கிய சதுக்கத்தில் கூட்டம் கொண்டாட்டத்தைத் தொடங்கியாகிவிட்டது. முடிவு: 105-106 தோல்வி. கடிகாரம் பூஜ்யம் காட்டும்வரை இனிப்புப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. கெவின் டுரான்ட் காயத்தோடு கீழே உட்கார்ந்தபோது டொரண்டோ ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஆரவாரம் செய்தார்கள். லோரியும் செர்ஜ் இபாகாவும் டானி கிரீனும் கையைக் காட்டி அவர்களை அடக்க வேண்டியிருந்தது. பிறகு கைதட்டி அனுப்பினார்கள் என்பது உண்மைதான். முதலில் செய்தது அசிங்கம் என்பதும் உண்மை. ஜூன் 13 அன்று ஆறாவது ஆட்டத்தில் கிளே தாம்சனும் முழங்கால் காயத்தால் வெளியேறினார். ராப்டர்ஸ் 114-110 என்று வென்று முதல் கோப்பையை எடுத்தது. எதிரணி முழு பலத்தோடு இருந்திருந்தால் என்ற கேள்வி வரத்தான் செய்யும். வரட்டும். களத்தில் நிற்கிறவர்களோடுதான் ஆட முடியும்.

ஜூலையிலேயே லெனர்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். டிசம்பரில் எதிரணிச் சட்டையோடு வந்து தன் சாம்பியன் மோதிரத்தை வாங்கிக்கொண்டபோது டொரண்டோ அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.