பழைய விண்டோஸ் புதுக் கணினிக்கு வருமா?

கேள்வி: பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் மடிக்கணினியின் மதர்போர்டு போய்விட்டது. அதிலிருந்த விண்டோஸைப் புதுக் கணினியில் போடலாமா?
– வாசகர், தென்னேரி

பதில்: கணினியோடு வந்த விண்டோஸ் என்றால் முடியாது. அந்த உரிமம் மதர்போர்டைச் சேர்ந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, சாவி எண்ணையே தயாரிப்பாளர்கள் போர்டில் உள்ள சிப்பில் பதித்துவிடுகிறார்கள். பழுதுக்காகத் தயாரிப்பாளரே போர்டை மாற்றித் தந்தால் உரிமம் தொடரும். தனியாக வாங்கும் ரீடெயில் உரிமம் விலை கூடுதல். ஆனால் பழையதில் நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் சாவிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

கையில் பணம் இல்லையென்றால், மத்திய அரசு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இலவசம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. உங்கள் டிசைன் மென்பொருள் அதில் ஓடுமா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.