தரைக்கும் படிக்கும் நடுவே

தி.நகர் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், சென்னைப் போக்குவரத்தைப் பற்றிய தீர்ப்புகள் டிக்கெட் வாங்காமலே கிடைக்கும். "இந்த ரோட்டுக்கு அந்த பஸ் ஒத்துவராது", "ஓசி டிக்கெட்டால்தான் இவ்ளோ கூட்டம்", "மெட்ரோ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்". சொல்லிச் சொல்லியே உண்மையாகிவிட்ட பேச்சுகள் இவை. கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

"தாழ்தளப் பஸ் நம்ம ஊர் ரோட்டில் ஓடாது"

இதுதான் இருப்பதிலேயே மூத்த நம்பிக்கை. பள்ளம், வேகத்தடை, மழைத் தண்ணீர் என்று காரணங்கள் வரிசைகட்டி நிற்கும்.

முதலில் அளவைப் பார்ப்போம். வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரைத் தாழ்தளம் என்றால் 650. தாழ்தளம் என்றால் 400. பழைய பஸ்ஸில் ஏறுவது கிட்டத்தட்ட சமையல் மேடை உயரத்துக்கு ஏறுவது போல. அதுவும் பின்னால் நாலு பேர் தள்ள, கண்டக்டர் விசில் ஊத.

தாழ்ந்த தளம் சென்னைக்குப் புதிதும் அல்ல. 2000களின் பிற்பகுதியில் வந்த வால்வோ ஏசி பஸ்கள் நினைவிருக்கிறதா? படியேறாமலே உள்ளே போகலாம். அதே ரோடு, அதே மழை. கூடுதல் கட்டணம் கொடுப்பவருக்கு ஓடிய வடிவம், சாதாரணக் கட்டணம் என்றதும் எப்படி ஓடாமல் போகும்?

இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் போக்குவரத்தை எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. புதுப் பேருந்துகளில் உயர்தளம் கூடாது என்று ஆர்வலர் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தளப் பேருந்துகளில் முதல் 58 சாலைக்கு வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் கிளம்பின. ஓடாது என்று சொன்ன ரோட்டில்தான் ஓடுகின்றன.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. தெருக்காரர்களே சிமென்ட் குழைத்துப் போட்ட திடீர் வேகத்தடை எந்த வண்டியின் அடிவயிற்றையும் உரசத்தான் செய்யும். ஆனால் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கு வகுத்திருக்கும் உயரம் வெறும் 10 சென்டிமீட்டர். கோணல் வேகத்தடையைச் செதுக்காமல், அதற்காகப் பஸ்ஸை உயர்த்திக் கட்டுவது செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டுகிற கதை.

"அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தானே"

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அவர்களுக்கு மட்டும் என்றாலே அது சின்னக் கூட்டம் இல்லை. அதற்கு மேல், ரங்கநாதன் தெருவில் தீபாவளித் துணி எடுத்துவிட்டு இரண்டு கையிலும் பையோடு நிற்பவர், முட்டிவலிக்காரர், கர்ப்பிணி, இடுப்பில் குழந்தையோடு வருபவர் என எல்லோரையும் சேர்த்தால் 'மற்றவர்கள்' என்று மிஞ்சுவது யார்? ஏறி இறங்க ஆகும் நேரம் குறைந்தால் பஸ்ஸும் நிறுத்தத்தில் குறைவாகவே நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் அது லாபம்தான்.

படிக்கட்டோடு பிரச்சினை முடிவதில்லை. பார்வையற்றவருக்கு எண் பலகை எவ்வளவு பளிச்சென்று எரிந்தும் பயனில்லை. வருவது எந்த பஸ் என்று வெளியே கேட்கும்படி ஓர் அறிவிப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும். அவரோ இயர்போன் மாட்டியிருப்பார்.

"ஓசிப் பயணம்"

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கு ஒட்டப்பட்ட பட்டப்பெயர் இது. உண்மையில் கட்டணத்தை அரசு மானியமாகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டுவேலைக்குப் போகிறவருக்கு இது சில்லறை அல்ல. ஆனால் சலுகை சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். கூடுதல் கட்டண டீலக்ஸ் பஸ்களைப் போகவிட்டு அரைமணி நேரம் நிற்பவர், 888 ரூபாயில் ஒரு பங்கைத் தன் நேரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சண்டை போடுவதென்றால் சாதாரணக் கட்டணப் பேருந்துகளின் எண்ணிக்கைக்காகப் போடலாம்.

"மெட்ரோ வந்தால் பஸ் எதற்கு?"

மெட்ரோவில் 2024இல் நாளொன்றுக்குச் சராசரியாகச் சென்றவர்கள் சுமார் 3 லட்சம். மாநகரப் பேருந்தில் 30 லட்சத்துக்கு மேல். இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவுக்கும் நிலையம் உண்டு. அங்கே இறங்கியவர் வீடுபோய்ச் சேர மறுபடி பஸ்ஸைத்தான் தேடுவார்.

"ஆகாய நடைபாதை கட்டியாச்சே"

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், மின்தூக்கியும் உண்டு. ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் புகாமல் ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போக முடிகிறது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் பயணம் மேலே முடிவதில்லை, கீழே நிறுத்தத்தில்தான் முடிகிறது.

அங்கே கணக்கு எளிது. நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது விதி. தாழ்தளப் பஸ் அதை ஒட்டி நின்றால், சக்கர நாற்காலிக்காக வாசலில் விரிக்கும் சாய்வுப் பலகை ஏற வேண்டியது 250 மில்லிமீட்டர். சஸ்பென்ஷனில் காற்றை இறக்கி பஸ் தாழ்ந்து கொடுத்தால் இன்னும் குறைவு. நடுரோட்டில் நின்றால் முழு 400. ஒரு மீட்டர்ப் பலகையில் அது சறுக்குமரம்தான். சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையே வரிசையாகப் பத்து பைக்குகள் நிற்கின்றன. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். பைக்குக்குச் சொந்தக்காரர் எதிர்க் கடையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.